செல்வி இல்லாத சார்ட்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

முதல் வாரத்திலேயே உங்கள் காதில் ஒரு இங்கிலீஷ் வார்த்தை விழுந்திருக்கும். ரீஸ்ட்ரக்சர். ஓரகடம் கூட்டு ரோட்டில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போது காதைக் கொஞ்சம் தீட்டி வைத்துக்கொண்டால், காலை டீ முடிவதற்குள் நாலு கம்பெனிக்காரர் வாயிலிருந்து நாலு தடவை கேட்கலாம். இந்த வார்த்தையோடு முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவன் என்ற தகுதியில் அதன் பொருளையும் பயன்பாட்டையும் உங்களுக்குச் சொல்லலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். வேறு தகுதி எதுவும் என்னிடம் இல்லை. அதை இரண்டாம் பக்கத்தில் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

அகராதியைப் புரட்டினால் 'மறுசீரமைத்தல்' என்று போட்டிருக்கும். கேட்கவே எவ்வளவு நன்றாக இருக்கிறது! சீர் இருக்கிறது, அமைப்பு இருக்கிறது, கல்யாணப் பத்திரிகையிலேயே அச்சடிக்கலாம். எங்கள் கம்பெனி ஹாஸ்டலில் தங்கி லைனில் வேலை பார்க்கும் பெண்கள் இதைவிடச் சரியாகப் பொருள் சொல்வார்கள். நேற்று மிஞ்சிய இட்லி இன்று உப்புமாவாகத் தட்டில் வந்தால், "மெஸ்ல இட்லிய ரீஸ்ட்ரக்சர் பண்ணிட்டாங்கடி" என்பார்கள். நானும் பல வருஷம் கவனித்துவிட்டேன். இந்த வினையைச் செய்கிறவர் எப்போதும் மாடியில், ஏ.சி. அறையில் இருப்பார். செய்யப்படுகிறவர் கீழே நிற்பார். இட்லியிடம் யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை.

நான் மாடியில் இருந்த காலத்துக் கதை இது.

எங்கள் கம்பெனியில் காரின் பக்கவாட்டுக் கண்ணாடி செய்வார்கள். கதவோரம் காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்குமே, அதுதான். மூன்றாவது லைனில் பதினொரு பேர். ஆங்கில 'யு' எழுத்து மாதிரி வளைந்த மேஜை வரிசை. அந்த 'யு'வின் ஒரு கையில் பிளாஸ்டிக் கூடு உள்ளே போகும். மோட்டார், ஸ்க்ரூ, வயர் எல்லாம் சேர்ந்து வளைவைத் தாண்டி வந்தால், மறு கையில் கண்ணாடியை அழுத்தி, மூடி போட்டு, சோதித்து அனுப்புவார்கள். இரண்டு கையில் இருப்பவர்களுக்கும் முதுகோடு முதுகு. மணிக்கு அறுபது உருப்படி வரவேண்டும். வந்துகொண்டும் இருந்தது. நன்றாக ஓடுகிற ஒன்றைக் கண்டால் கை சும்மா இருக்காதவன்தான் பொறியாளர். நான் ஸ்டாப்வாட்சை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

மூன்று நாள் அளந்தேன். யார் எத்தனை நொடி எடுக்கிறார்கள், யார் எங்கே கையை நீட்டுகிறார்கள், எல்லாம் நோட்டில் ஏறியது. கண்ணாடி அழுத்தும் இடத்தில் செல்வி என்று ஒரு பெண். சங்கரன்கோவில் பக்கம். காண்ட்ராக்டில் வந்து ஒன்றரை வருஷம். கண்ணாடியைக் கூட்டில் வைத்து அழுத்துவாள், மேலே ஒட்டியிருக்கும் நீல பிலிமை உரிப்பாள், பிறகு அதையே ஒரு கணம் பார்ப்பாள். ஒவ்வொரு உருப்படியிலும் பார்ப்பாள். போதாததற்கு அவ்வப்போது தலையிலிருக்கும் வலைத் தொப்பியை வேறு சரிசெய்துகொள்வாள். நான் நோட்டில் எழுதினேன்: 'கண்ணாடியில் முகம் பார்த்தல், உருப்படிக்கு இரண்டு நொடி. தொப்பி சரிசெய்தல், ஒரு ஷிப்டில் ஆறு முறை.' எழுதிவிட்டு எனக்குள் சிரித்துக்கொண்டேன். கண்ணாடி லைனில் ஒரு அழகு ராணி!

அந்த நோட்டில் இன்னொன்றும் இருந்தது. என் ஸ்டாப்வாட்ச் கணக்குப்படி அந்த லைன் மணிக்கு ஐம்பத்திரண்டுதான் கொடுக்க முடியும். லைன் ஓரத்துப் போர்டில் மணிக்கு மணி அறுபது என்று எழுதியிருக்கிறார்கள். எட்டு உருப்படி எங்கிருந்து வருகிறது? புத்தியுள்ளவன் அங்கே நின்று யோசித்திருப்பான். நான் ஸ்டோருக்குப் போய், "வாட்ச் பழசாயிடுச்சு, புதுசு குடுங்க" என்று கேட்டு வாங்கி வந்தேன்.

பிறகு மாடிக்குப் போய்ச் சார்ட் போட்டேன். வளைந்த லைனை நேராக்கினேன். எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து நிற்பார்கள், பார்க்க அழகாக இருக்கும். கண்ணாடியில் கீறல் விழாமலிருக்க நீல பிலிமைக் கடைசி மேஜையில்தான் உரிக்க வேண்டும் என்று எழுதினேன். கண்ணாடி அழுத்தும் வேலையை மூடி போடுபவரிடமே சேர்த்தேன். பதினொரு பேர் பத்துப் பேர் ஆனார்கள். மேலே பெரிய எழுத்தில் தலைப்பு: 'லைன் மூன்று, ரீஸ்ட்ரக்சர்டு.' எங்கள் பிளான்ட் ஹெட் அதைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். பத்துப் பேர் என்று அன்றே தலைமை அலுவலகத்துக்கும் எழுதிவிட்டார். அடுத்த வார வெள்ளிக்கிழமை வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து லைனைப் பார்க்க வருவதாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மேஜைகளை நகர்த்தினோம். திங்கட்கிழமை காலை சார்ட்டை ஒட்டினேன். ஒட்டிய கை காய்வதற்குள் செல்வி பக்கத்தில் வந்து நின்றாள்.

"நான் ஏதும் தப்பு செஞ்சிட்டேனா சார்?"

"தப்பெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. லைனை ரீஸ்ட்ரக்சர் பண்றோம்."

"அப்படின்னா?"

"மறுசீரமைப்பு."

அவள் சார்ட்டில் விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தாள். பத்துப் பெயர். விரல் கடைசிப் பெயரையும் தாண்டி வெள்ளைத் தாளில் இறங்கி நின்றது.

"இதுல நான் எங்க சார் இருக்கேன்?"

"சனிக்கிழமை வரைக்கும் பேக்கிங்ல இரு."

"பொறவு?"

பிறகு என்பதற்கு என்னிடம் இங்கிலீஷ் இல்லை. காண்ட்ராக்டர் வேறு இடம் பார்ப்பார் என்று முணுமுணுத்தேன். பார்க்க மாட்டார் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். வேலை போனால் ஹாஸ்டல் கட்டில் போகும். கட்டில் போனால் ஊருக்கு பஸ்.

"ஊருக்குப் போனா மாமா மவன் ரெடியா நிக்கான் சார்," என்றாள் செல்வி. "ஆட்டப் பத்தித் தவுர அவனுக்கு வேற பேச்சே வராது. ரெண்டு வருசம் வேல பாக்கேன், அப்புறம் பாக்கலாம்னு சொல்லித்தான் தப்பிச்சு வந்திருக்கேன். இன்னும் ஆறு மாசம் இருக்கு சார்."

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பதில் தெரியாத பொறியாளர்கள் எல்லோரும் செய்வது அது.

திங்கள் மணிக்கு நாற்பத்து மூன்று. செவ்வாய் நாற்பத்து நாலு. "பழகணும்ல சார்," என்று நானே பிளான்ட் ஹெட்டிடம் தைரியம் சொன்னேன். புதன் நாற்பத்தொன்று. பழகப் பழகக் குறைகிற லைனை நான் அதுவரை பார்த்ததில்லை. வயர் மாட்டும் மேஜைக்கு முன்னால் பாதி முடிந்த கூடுகள் குவிந்து கிடந்தன. அடுத்த மேஜைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஸ்க்ரூ டப்பா காலியாகி, அது காலி என்று யாருக்கும் தெரிவதற்குள் அஞ்சு நிமிஷம் போனது. நான் லைனோரம் முன்னும் பின்னும் ஓடி, "வேகம், வேகம்" என்று கத்தினேன். ரீஸ்ட்ரக்சர் செய்தவனின் அடுத்த கட்ட வேலை அதுதான்.

வியாழக்கிழமை காலை டீ இடைவேளை. சரக்குத் தூக்கும் போர்க்லிப்ட் வண்டி ஓட்டும் அண்ணன் ஒருவர் இருந்தார். என் வயதுதான், ஆனால் அந்த வளாகத்தில் அவரை எல்லோரும் அண்ணன் என்பார்கள். பெயரைப் போட்டால் இப்போதும் போன் செய்து திட்டுவார், அதனால் அண்ணன் என்றே இருக்கட்டும். வண்டியை என் காலோரம் நிறுத்திவிட்டு, டீயை ஒரு உறிஞ்சு உறிஞ்சினார்.

"இன்னா சார், மூஞ்சி தொங்கிக்கினு கீது?"

"லைன் ஓட மாட்டேங்குது அண்ணே."

"எப்டி ஓடும்? கையி கீது, காலு கீது. கண்ணப் புடுங்கிப் பேக்கிங்ல போட்டுட்டியே."

"எந்தக் கண்ணு?"

"அத்த எங்கையில கேக்காத. மேரியாண்ட கேளு. கேக்கசொல்லோ அந்த வாட்ச கழட்டிட்டுப் போ."

மேரி அக்காதான் வயர் மாட்டுபவர். வல்லத்துக்காரர், லைனிலேயே பழைய ஆள். நான் வாட்சைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போய் நின்றேன்.

"நானு சொல்ல மாட்டேன் சார்," என்றார் மேரி அக்கா. "சொன்னா அந்தப் பொண்ணுக்கு மெமோ குடுப்பே."

"மெமோவா? எதுக்கு?"

அவர் கையை நீட்டிச் சுவரைக் காட்டினார். அங்கே லேமினேட் செய்த ஒரு அறிவிப்பு: 'பிறருடைய பணியிடத்தில் கை வைக்கக் கூடாது. மீறினால் நடவடிக்கை.' கீழே கையெழுத்து. கோணலான, பெருமை பிடித்த ஒரு கையெழுத்து. என்னுடையதுதான்.

ஸ்டூலை எடுத்துச் சுவரோரம் போட்டு ஏறினேன். அறிவிப்பு நாலு ஆணியில் இருந்தது. என்னால் இரண்டைத்தான் பிடுங்க முடிந்தது. மீதி இரண்டை அண்ணன் வந்து பிடுங்கினார். அதன் பிறகுதான் மேரி அக்கா வாயைத் திறந்தார்.

"சில பெட்டி வயரு கெட்டியா வரும் சார். அஞ்சு மாட்னா ஆறாவுது மாட்ட வெரலு வலிக்கும். நானு பின்தங்கிடுவேன். செல்வி எனக்கு முதுகாண்ட நிப்பா. கண்ணாடில என்னியப் பாப்பா. சட்டுனு திரும்பி ரெண்டு வயர மாட்டிட்டு, திரும்பிக்கினு அவ வேலயப் பாப்பா. ஸ்க்ரூ தீந்தாலும் அவதான் மொதல்ல பாப்பா. நாங்கோ குனிஞ்சிக்கினு கீறோம், எங்களுக்கு இன்னா தெரியும்?"

"அப்போ அவ முகம் பார்க்கலையா?"

"மொகமா?" மேரி அக்கா சிரித்த சிரிப்பில் பக்கத்து லைனே திரும்பியது. "முக்காவாசி மொகத்த மாஸ்க்குல மூடிக்கினு, தலைல கொசுவல மாட்டிக்கினு, இதுல மொகம் வேற பாக்கணுமா?"

எட்டு உருப்படி எங்கிருந்து வந்தது என்று அப்போது புரிந்தது. ஆனால் ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது. மூன்று நாள் பக்கத்தில் நின்று அளந்திருக்கிறேன். செல்வி திரும்பி ஒரு வயர் மாட்டியதையும் நான் பார்க்கவில்லையே?

பேக்கிங்கிலிருந்து அவளை வரச் சொன்னேன். ஓரமாகக் கிடந்த பழைய மேஜை ஒன்றை இழுத்துப் போட்டு, பிலிம் உரித்த ஒரு கண்ணாடியைச் சட்டத்தில் மாட்டி, அவள் இடத்தில் நானே நின்றேன். பார்த்தேன். முதுகுக்குப் பின்னால் இருந்ததெல்லாம் உள்ளங்கை அகலத்தில் தெரிந்தது. மேரி அக்காவின் கை, ஸ்க்ரூ டப்பா, அதைத் தாண்டி நடைபாதை, நடைபாதையின் கோடியில் மாடிப்படி. நான் இறங்கி வருகிற மாடிப்படி.

"செல்வி, நான் படி இறங்கினா இதுல தெரியுமா?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சா என்ன பண்ணுவே?"

அவள் கை தானாக மேலே போய் வலைத் தொப்பியைத் தொட்டது. சுற்றி நின்ற பத்துப் பேரும் சட்டென்று அவரவர் மேஜைக்கு நேராக நிமிர்ந்து நின்றார்கள். பழக்கம்!

தம்பி தங்கைகளே, 'தொப்பி சரிசெய்தல், ஆறு முறை' என்று எழுதினேனே, அந்த ஆறும் நான்தான். நான் அவர்களை அளந்துகொண்டிருந்தேன் என்று நினைத்தேன். அவர்கள் எனக்காக, என் அறிவிப்புப் பலகையை மதித்து, மெதுவாக வேலை செய்துகாட்டியிருக்கிறார்கள். நான் போன பிறகு கம்பெனிக்காக வேகமாகச் செய்திருக்கிறார்கள்.

இங்கேதான் உங்களுக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது. அந்த நேரத்தில் என் முன்னால் இரண்டு வழி. ஒன்று, வெள்ளிக்கிழமை வரை எப்படியாவது தள்ளுவது. பக்கத்து லைனிலிருந்து இரண்டு பேரை ஒரு மணி நேரத்துக்குக் கடன் வாங்கி, போர்டில் அறுபது எழுதிவிடலாம். சார்ட் ஜெயித்துவிடும், செல்வி சனிக்கிழமை பஸ் ஏறிவிடுவாள், என் தப்பு யாருக்கும் தெரியாது. இன்னொன்று, மாடிப்படி ஏறுவது. முதல் வழியை நான் யோசிக்கவே இல்லை என்று எழுதினால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். யோசித்தேன். ஒரு முழு டீ குடித்து முடியும் வரை யோசித்தேன். அந்த டீ முழுக்க செல்வி சார்ட்டின் வெள்ளைத் தாளில் வைத்த விரல்தான் கண்ணில் நின்றது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் படி ஏறினேன்.

பிளான்ட் ஹெட் நிமிர்ந்தார். "ரீஸ்ட்ரக்சர் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது சார். தப்பா முடிஞ்சுது. ஒரிஜினல் ஸ்ட்ரக்சர்ல இன்பார்மலா ஒரு விஷுவல் பீட்பேக்..."

"நிறுத்து. அந்த வார்த்தை எதுவும் இல்லாம, என்ன பண்ணினேன்னு ஒரே வரில சொல்லு."

அதுவரை வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டமான ஒரு வரியை நான் சொன்னதில்லை.

"செல்விங்கிற பொண்ணை லைன்லேருந்து எடுத்தேன் சார். எடுத்திருக்கக் கூடாது."

அந்தப் பெயரை அந்த மாடியில் யாரும் அதுவரை உச்சரித்ததில்லை. சார்ட்டிலும் இல்லை, கடிதத்திலும் இல்லை. பதினொன்று பத்தானது, அவ்வளவுதான்.

"பத்துன்னு மேல எழுதிட்டேன்," என்றார் அவர்.

"தெரியும் சார்."

"நாளைக்குப் பத்து மணிக்கு வராங்க. பதினொரு பேரை வச்சு அறுபது காட்டினா, நான் மேல பேசிக்கிறேன். அந்தப் பொண்ணு இருக்கட்டும். வரலேன்னா பத்துதான். அப்புறம் எடுக்கிறதுக்கு இன்னொரு பேரும் என்கிட்ட இருக்கு."

எந்தப் பெயர் என்று நான் கேட்கவில்லை. நானும் கொஞ்சம் படித்தவன்.

மதியம் முழுக்க மேஜைகளைத் திருப்பினோம். இந்த முறை சார்ட் போட்டது செல்வி. தாளில் அல்ல, தரையில், சாக்பீஸால். அவள் பழையபடி அப்படியே வைக்கவில்லை. "முழுசா திரும்புனா இடுப்பு புடிக்கி சார்," என்று மேரி அக்காவின் மேஜையை ஒரு முழம் சாய்த்துப் போட்டாள். கழிவுப் பெட்டியில் கிடந்த ஓரம் உடைந்த கண்ணாடிகளில் மூன்றைத் துடைத்து எடுத்து, விளிம்பில் டேப் சுற்றி, மூன்று மேஜைக்கு மேலே கட்டச் சொன்னாள். "நான் ஒருத்தியே எம்புட்டுத்தான் பாக்க? அவங்களும் பாக்கட்டும்." நான் சாக்பீஸ் டப்பாவைப் பிடித்துக்கொண்டு அவள் பின்னால் போனேன். அண்ணன் வண்டியிலிருந்து குரல் கொடுத்தார்: "சார் இப்பத்தான்யா வேல கத்துக்கிறாரு!"

வெள்ளிக்கிழமை காலை முதல் மணி ஐம்பத்தெட்டு. இரண்டாவது மணி முடியப் போகிற நேரத்தில் வந்து வாய்த்தது பாருங்கள், கெட்டி வயர்ப் பெட்டி. மேரி அக்கா பின்தங்கினார். செல்வி ஸ்க்ரூ டப்பா மாற்றிக்கொண்டிருந்தாள். மூன்று கூடுகள் குவிந்தன, நாலாவது வந்தது. நோட்டும் பேனாவுமாக நின்றிருந்த எனக்கு என்ன தோன்றியதோ, மேரி அக்காவின் இடது கை உறையை வாங்கி மாட்டிக்கொண்டு வயரைப் பிடித்தேன். ஒன்று மாட்டினேன். அழுத்தமான வயர்தான், விரல் நுனி சிவந்தது. இரண்டு மாட்டினேன். மூன்றாவதைக் கையில் எடுத்தபோது தற்செயலாக மேலே தொங்கிய உடைந்த கண்ணாடியைப் பார்த்தேன்.

செல்வி தொப்பியைத் தொட்டாள்.

என் மூளைக்கு எதுவும் எட்டுவதற்குள் உடம்பு வேலையைச் செய்துவிட்டது. வயரைப் போட்டேன், இரண்டடி பின்னால் நகர்ந்தேன், நோட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு விறைப்பாக நின்றேன். ஒரு வாரத்துக்கு முன்னால் அந்தச் சைகை என்னைப் பார்த்துப் போடப்பட்டது. இன்று எனக்காகப் போடப்படுகிறது. மாடிப்படியில் பிளான்ட் ஹெட்டும் வெளியாட்கள் மூன்று பேரும் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள்.

வந்தவர்களில் ஒருவர் மேலே தொங்கிய கண்ணாடிகளைக் காட்டி, "இதெல்லாம் எதுக்கு?" என்றார். நான் வாயைத் திறந்தேன். நாக்கு நுனியில் அந்த இங்கிலீஷ் வினைச்சொல் தயாராக உட்கார்ந்திருந்தது. அதை விழுங்கிவிட்டு, "லைனை அமைச்சது இவங்கதான். இவங்களையே கேளுங்க," என்றேன்.

"பின்னால யாரு கஷ்டப்படுதாங்கன்னு பாக்கத்தான் சார்," என்றாள் செல்வி.

அவர் அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். போர்டில் இரண்டாவது மணிக்கான கட்டத்தில் மேரி அக்கா எண்ணை எழுதினார். அறுபத்தொன்று.

எல்லோரும் நகர்ந்த பிறகு பிளான்ட் ஹெட் ஒரு நொடி என் பக்கத்தில் நின்றார். என் இடது கையைப் பார்த்தார். ரோஸ் நிற உறையோடு நோட்டைப் பிடித்துக்கொண்டிருந்த கை. தன் தொப்பியை லேசாகச் சரிசெய்துகொண்டு நடந்துவிட்டார். அது வெறும் சரிசெய்தலா, இல்லையா என்று ஓய்வு பெறும் நாள் வரை எனக்குத் தெரியாது. கேட்கவும் தைரியம் வரவில்லை.

சனிக்கிழமை காலை புதுச் சார்ட் ஒட்டினேன். பதினொரு பெயர். தலைப்பில் அந்த வார்த்தை இல்லை. அதை எழுதவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எழுதாமல் உங்களை அவர்கள் விட மாட்டார்கள். எழுதுங்கள். ஆனால் மாடியில் உட்கார்ந்து எழுதும்போது பக்கத்திலேயே தமிழில் ஒரு வரி போட்டுப் பாருங்கள்: யாரை, எங்கிருந்து, எங்கே. அந்த வரியை அந்த ஆள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வருகிறதா என்றும் பாருங்கள். வந்தால் ஒட்டுங்கள்.

அன்று செல்வி சார்ட்டில் தன் பெயரை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "சார், நீங்க எழுதுன அந்த நோட்டக் கொஞ்சம் காட்டுங்க," என்றாள். முகம் பார்த்த கதை அதற்குள் லைன் முழுக்கப் பரவியிருந்தது. வெட்கத்தோடு கொடுத்தேன். நின்ற இடத்திலேயே படித்தாள், சிரித்தாள், என் பையிலிருந்த பேனாவை எடுத்து ஏதோ திருத்திவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. 'தொப்பி சரிசெய்தல், ஆறு முறை' என்பதில் ஆறை அடித்துவிட்டு ஏழு என்று போட்டிருக்கிறாள். பக்கத்தில் குட்டி எழுத்தில்: 'ஒரு தடவ நீங்க கவனிக்கல சார்.'